கதவுப்பிடியில் கை

ஊராட்சித் தலைவர் தோர்ஸ்கோய் தீவுக்கு வந்த அன்று ரக்னாவும் ஓலுஃப்பும் புல்லைக் கம்பியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆகஸ்ட் பிறந்து பத்து நாளாகியும் முழுசாக ஒரு நாள் வெயில் கிடைக்கவில்லை. அறுத்த புல்லைத் தரையில் விட்டால் மூன்றாம் நாளே அழுகிவிடும். வரிசையாக முளையடித்து, ஐந்து அடுக்காகக் கம்பி இழுத்து, துணி காயப்போடுகிற மாதிரி அள்ளி அள்ளித் தொங்கவிட வேண்டும். மேல் அடுக்கு மழையை வாங்கிக்கொண்டு கறுத்துப்போகும். கீழ் அடுக்குகள் காற்றில் மெல்லக் காயும். மூன்று பசுக்களும் பதினோரு ஆடுகளும் செப்டம்பர் கடைசியிலிருந்து மே மாதம் வரை தொழுவத்துக்குள் நின்று தின்ன வேண்டியது இந்தப் புல்லைத்தான். அதனால் புல் வேலை நடக்கும்போது அந்தத் தீவில் யாரும் யாரையும் வேறு பேச்சுக்கு இழுப்பதில்லை.

தலைவருக்கு அது தெரியாமல் இல்லை. அவரும் இதே ஊராட்சியில் பிறந்தவர்தான். ஆனால் ஆறு வருஷம் நகரத்தில் படித்துவிட்டு வந்ததில் சில விஷயங்கள் அவரிடமிருந்து உதிர்ந்துபோயிருந்தன. வீட்டுக்குள் வந்தவர் கதவோரப் பலகையில் உட்காரவில்லை. நேராக மேஜைக்குப் போய், அதுவும் ஓலுஃப்பின் நாற்காலியில், உட்கார்ந்தார். ரக்னா காப்பிக் கெண்டியை அடுப்பில் வைத்துத் திரும்புவதற்குள் தோல்பையிலிருந்து காகிதத்தை எடுத்து விரித்துவிட்டார்.

"வந்த விஷயத்தச் சொல்லிடறேன் ஓலுஃப். தீவக் காலி பண்ண ஏழு வீட்டுல ஆறு வீடு கையெழுத்துப் போட்டாச்சு. உங்க வீடு ஒண்ணுதான் பாக்கி. ஏழும் இருந்தாத்தான் மேல அனுப்ப முடியும். ஒரே ஒரு வீடு நின்னாலும் தபால் படகு வரணும், டாக்டர் வரணும், தந்திக் கம்பத்தப் பாத்துக்கணும். அதனால எல்லாரும் போறதுன்னா எல்லாருக்கும் அரசாங்கம் உதவும். இல்லன்னா ஒருத்தருக்கும் கெடயாது."

ஓலுஃப் வாசலிலேயே நின்றான். ஐம்பத்தெட்டு வயது. சட்டையெல்லாம் புல்.

"செப்டம்பர் மொதத் திங்கக்கெழம சபை கூடுது," என்றார் தலைவர். "அக்கரையில சுண்ட்நெஸ்ல வீட்டு மனை தயாரா இருக்கு. கொழாத் தண்ணி, கரண்ட்டு, பள்ளிக்கூடம். மீன் ஆலையில வேலைகூட ஆகும். கூரைக்குக் கீழ நின்னு செய்யற வேலை. கை கால் நனையாது."

"மீனத் தோலுரிக்கற வேலை," என்றான் ஓலுஃப்.

"அது வந்து..."

"மேக்க கறுத்துக்கிட்டு வருது. புல்லப் பாக்கணும்."

அவ்வளவுதான். போய்விட்டான். காப்பி அதற்குப் பிறகுதான் கொதித்தது. தலைவர் இரண்டு கோப்பை குடித்து, காகிதத்தை மேஜையிலேயே வைத்துவிட்டு, ரக்னாவிடம் நல்லபடியாக விடைபெற்றுக்கொண்டு போனார். நல்ல மனிதர்தான். வந்த காரியத்தை உட்கார்ந்த உடனே சொல்லிவிட்டார், அதுதான் வினை.

அந்தப் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு எதையாவது கேட்கப் போகிறவன் கதவைத் தட்டமாட்டான். திறந்துகொண்டு வந்து, கதவோரப் பலகையில் தொப்பியை முழங்காலில் மாட்டிக்கொண்டு உட்காருவான். காற்று எந்தப் பக்கம், புல் எவ்வளவு, யார் வீட்டு ஆடு பாறையிலிருந்து விழுந்தது என்று ஒரு மணி நேரம் போகும். காப்பி வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு மூன்றாம் தடவை குடிப்பான். பிறகு எழுந்து, சரி வரட்டுமா என்று கதவுப்பிடியில் கை வைப்பான். அப்போதுதான் ஏதோ நினைவு வந்தமாதிரி திரும்பி, வந்த காரியத்தைச் சொல்வான். சரி என்றால் நல்லது. மாட்டேன் என்றாலும் ஒன்றும் கெட்டுப்போகாது, அவன் ஏற்கெனவே கிளம்பிவிட்டவன். கேட்டவனுக்கும் தலைகுனிவில்லை, மறுத்தவனுக்கும் சங்கடமில்லை.

ரக்னா காகிதத்தை எடுத்துச் சர்க்கரை டப்பாவுக்குக் கீழே வைத்தாள். அவளுக்குப் போகவேண்டும் என்றுதான் இருந்தது. வருஷக்கணக்காக இருந்தது. கிணற்றிலிருந்து மேட்டுக்குத் தண்ணீர் சுமந்து சுமந்து இரண்டு முழங்காலும் போய்விட்டன. மகள் எல்லி சுண்ட்நெஸ்ஸில் இருக்கிறாள். அவள் குழந்தைக்கு ஒன்றரை வயது, பாட்டியின் முகம் அதற்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை, பார்த்தாலே அழுகிறது. இந்தத் தீவை நினைத்து உருக ரக்னாவுக்கு நேரமும் இல்லை, மனசும் இல்லை. போரின் கடைசியில் ஜெர்மன்காரர்கள் போகிற போக்கில் எல்லாவற்றையும் கொளுத்திவிட்டுப் போன பிறகு, திரும்பி வந்து கரிக்கட்டைகளைப் பொறுக்கியவள் அவள். எரிந்த வீட்டைப் பார்த்தவளுக்கு எந்த வீடும் வீடுதான்.

அந்த வீட்டின் மேல் அவளுக்குத் தனியாக ஒரு கோபமும் உண்டு. போர் முடிந்து வீடு கட்டிக்கொடுக்க வந்த அரசாங்க எஞ்சினியர், காற்று படாத பள்ளத்தில், கிணற்றுக்குப் பக்கத்தில் கட்டிக்கொள்ளுங்கள் என்று முளைகூட அடித்துக் காட்டினார். மற்ற ஆறு பேரும் அவர் சொன்ன இடத்தில் கட்டினார்கள். ஓலுஃப் மட்டும், என் அப்பா வீடு நின்ற மேட்டில்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். பதினாலு வருஷமாக வடமேற்குக் காற்று அந்த வீட்டைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருக்கிறது. போதாததற்கு, கடலைப் பார்த்த சுவருக்கு மட்டும் வருஷம் தவறாமல் வெள்ளை பூசுவான். மற்ற மூன்று சுவருக்கும் மலிவான சிவப்பு. "கப்பல்ல போறவங்க பாத்து மெச்சணுமாம்," என்று அவள் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். அவன் மறுத்ததில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு வேகவைத்த மீன், அதன் ஈரல், சுண்டுவிரல் பருமனில் புது உருளைக்கிழங்கு. ஓலுஃப் முள்ளை ஒவ்வொன்றாகத் தட்டின் ஓரத்தில் அடுக்கினான்.

"எதுக்கு மாட்டேங்கற?" என்றாள் ரக்னா.

"மழ வரும்."

"அதக் கேக்கல."

"தெரியுது."

அடுத்த முள்ளை எடுத்து வைத்தான். ரக்னாவுக்கு எரிச்சலாக வந்தது. முப்பத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவன். கல்லிடம் கேட்டிருக்கலாம்.

சனிக்கிழமை வெயில் வந்தது. காலை ஆறு மணிக்கே ஆறு வீட்டுக்காரர்களும் புல் அள்ளும் கவைக்குச்சியும் வாரும் பல்லுக்கட்டையுமாக மேட்டுக்கு வந்துவிட்டார்கள். அவரவர் புல் பாக்கி இருந்தது. ஆனால் மேட்டுப் புல்தான் முதலில் காயும், அதை முதலில் தொழுவத்தில் ஏற்றுவதுதான் வழக்கம். அந்த வழக்கத்தை இந்த வருஷம் யாராவது மறந்துபோயிருந்தால்கூட ரக்னா வருத்தப்பட்டிருக்கமாட்டாள். ஒருவரும் மறக்கவில்லை. நாள் முழுக்க வேலை செய்தார்கள். அவள் கொண்டுவந்த மோரைக் குடித்தார்கள், தட்டை ரொட்டியை வெண்ணெய் தடவி மடித்துத் தின்றார்கள், பக்கத்துத் தீவில் ஒருவன் புது மோட்டாரைப் படகில் தலைகீழாக மாட்டிய கதையைச் சொல்லிச் சிரித்தார்கள். கையெழுத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை. நாலு பேர் நடுவில் திட்டியிருந்தால் பரவாயில்லை போலிருந்தது அவளுக்கு.

சாயங்காலம் கீழ்வீட்டு டாக்னி மட்டும் உள்ளே வந்து கதவோரப் பலகையில் உட்கார்ந்தாள். இருபத்தெட்டு வயதுப் பெண். அவள் மகள் லிவ், ஆறு வயது, அம்மாவின் மடியில் சாய்ந்துகொண்டு ரக்னாவின் பூனையை முறைத்துக்கொண்டிருந்தாள். ஓலுஃப் ஜன்னலோரம் தூண்டில் கயிற்றைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"இந்த வருஷம் புல்லு பரவால்லக்கா."

"மேல்வரிச போச்சு. மத்தது பரவால்ல."

"எங்க மாடு சினையா இல்லையான்னே தெரியல. எங்க வீட்டுக்காரரு அர்விட் சினைங்கறாரு. மாடு இல்லங்குது."

"மாடு சொல்றத நம்பு."

காப்பி வந்தது. டாக்னி இரண்டு தடவை மறுத்தாள். பிறகு சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு, சாசரில் ஊற்றி உறிஞ்சினாள். சதுப்பு நிலத்தில் மஞ்சள் பழம் எப்போது பழுக்கும், யார் முந்திக்கொண்டு பறிப்பார்கள் என்று கொஞ்ச நேரம் போயிற்று. பிறகு எழுந்தாள். குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையைக் கதவுப்பிடியில் வைத்தாள்.

"அக்கா, உங்க எல்லி பெரிய வகுப்புக்கு விடுதிப் பள்ளிக்கூடத்துக்குப் போனப்ப ஒரு தகரப் பெட்டி வெச்சிருந்தால்ல. அது என்ன அளவு?"

ரக்னா புரிந்துகொள்ளக் கொஞ்சம் நேரமாயிற்று. தீவுப் பள்ளிக்கூடத்தைப் போன வருஷம் மூடிவிட்டார்கள். அடுத்த வருஷம் லிவ்வுக்கு ஏழு வயது. இங்கேயே இருந்தால் அவள் விடுதிக்குத்தான் போகவேண்டும். மூன்று வாரத்துக்கு ஒரு முறை, கடல் விட்டால், வீடு.

"மூணு அடி இருக்கும்," என்றாள் ரக்னா.

"நான் உள்ள படுத்துக்கலாமா அதுல?" என்றாள் லிவ்.

"துணி வெக்கறதுக்கும்மா," என்றாள் டாக்னி. "சரிக்கா, வர்றேன். ஓலுஃப், வர்றேங்க."

கதவு சாத்திக்கொண்டது. ஓலுஃப்பின் கை கயிற்றில் நின்றுவிட்டதை ரக்னா பார்த்தாள். பிறகு எழுந்து, ஆடுகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தொப்பியைப் போட்டுக்கொண்டான். கதவுப்பிடியில் கை வைத்தான். திறக்கவில்லை.

"ரக்னா."

"ம்."

அவன் அவளைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்துத்தான் பேசினான், சொந்த வீட்டுக்கே எதையோ கேட்க வந்தவன் மாதிரி.

"அங்க மீன் எங்க நிக்கும்னு எனக்குத் தெரியாது."

ரக்னா கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள்.

"இங்க கண்ண மூடிக்கிட்டுப் போவேன். எந்தப் பாற எங்க, எத்தன பாகம் ஆழம், எந்த நீரோட்டத்துல எது வரும், எல்லாம் தெரியும். அங்க போனா நான் யாரு? இருவது வயசுப் பயலுக படகுக்குப் பின்னால போகணும். அவன் எங்க தூண்டில் போடறான்னு எட்டிப் பாத்துக்கிட்டு. இந்த வயசுல. அடுத்தவன் பின்னால போறது திருட்டுன்னு சொல்லி வளத்தாரு எங்கப்பா."

"கேட்டாச் சொல்லமாட்டாங்களா?"

"அடையாளத்த யாரு சொல்லுவா? நான் சொல்லிருக்கனா? உங்கிட்டயே சொன்னதில்ல."

அது உண்மைதான். கடலில் மீன் நிற்கிற இடத்துக்குக் கோடு கிடையாது. கரையில் தெரியும் இரண்டு பொருளை ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக நிறுத்தி ஒரு கோடு, வேறு திசையில் இன்னொரு இரண்டை வைத்து இன்னொரு கோடு. இரண்டும் வெட்டிக்கொள்கிற இடத்தில் தூண்டிலை இறக்கினால் மீன். ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்த அடையாளம். அண்ணன் தம்பிக்குள்கூடச் சொல்லிக்கொள்ளாதவர்கள் உண்டு. ஓலுஃப்பின் அடையாளம் எது என்று தெரிந்துகொள்ள ஊராட்சியே ஏங்கியது. சுண்ட்நெஸ் ஹில்மார், போருக்கு முன்னால் ஒரு நாள், மூடுபனியில் அவன் படகைத் தொடர்ந்தே வந்துவிட்டான். பனி விலகியபோது ஐம்பது கஜத்தில் ஹில்மார். ஓலுஃப் தூண்டிலைப் போடவில்லை. இவன் போடட்டும் என்று ஹில்மாரும் போடவில்லை. இரண்டு பேரும் ஒரு சொட்டு நீர் படாத தூண்டிலோடு ஒன்பது மணி நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, வெறும் படகோடு வீட்டுக்கு வந்தார்கள். இருபத்து மூன்று வருஷமாகத் தேவாலயத்தில் பார்த்தால் தலையசைப்பதோடு சரி.

"அதான்," என்று சொல்லிவிட்டு ஓலுஃப் ஆடுகளைப் பார்க்கப் போனான். ஆடுகள் அன்று மலைமேல் இருந்தன.

ரக்னா தனியாக உட்கார்ந்து அழுதாள். அவன்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. வீம்பு என்று நினைத்தாள், அப்பாவின் மண் என்று ஏதாவது சொல்வான் என்று நினைத்தாள். அந்த மாதிரி எதையாவது சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். பயம் என்று சொன்னவனோடு எப்படிச் சண்டை போடுவது.

செவ்வாய்க்கிழமை தபால் படகில் அவள் சுண்ட்நெஸ்ஸுக்குப் போனாள். கம்பளி நூற்கக் கொடுக்கவேண்டும் என்று ஓலுஃப்பிடம் சொன்னாள். கம்பளி மூட்டை கையில் இருந்தது, அதனால் பொய் இல்லை. மகளைப் பார்த்தாள், பேரன் வழக்கம்போல அழுதான். பிறகு மூட்டையை நூற்பாலையில் இறக்கிவிட்டு, தேவாலயத்துக்குக் கீழே இருந்த ஹில்மார் வீட்டுக் கதவைத் திறந்து, கதவோரப் பலகையில் உட்கார்ந்தாள்.

ஹில்மார் மனைவி இறந்து நாலு வருஷம். தனி ஆள். அடுப்பங்கரை சுத்தமாகத்தான் இருந்தது, ஆனால் எல்லாப் பொருளும் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருந்தன. அவளைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் காப்பிக் கெண்டியை அடுப்பில் வைத்தான்.

"காத்து தெக்கு," என்றான்.

"காலையில மேக்கா இருந்துச்சு."

"மாறும்."

"புல்லு ஏத்தியாச்சா?"

"எனக்கேது மாடு. அவ போனப்பவே வித்துட்டேன். பால் கடையில வருது. கண்ணாடிப் புட்டியில."

"நல்லாருக்கா?"

"தண்ணி மாதிரி இருக்கு. ஆனா கறக்க வேண்டியதில்ல."

அவன் போட்ட காப்பி தாரை விடக் கறுப்பாக இருந்தது. ரக்னா இரண்டு தடவை வேண்டாம் என்றதை மனப்பூர்வமாகவே சொன்னாள். மூன்றாம் தடவை வாங்கிக்கொண்டாள். எரிந்துபோன பழைய தேவாலயத்தைப் பற்றிப் பேசினார்கள், புதுத் தேவாலயத்தில் குளிர் அடிப்பதைப் பற்றிப் பேசினார்கள். ஜெர்மன்காரர்கள் ஊரைக் காலி செய்யவைத்த அந்த இலையுதிர்காலத்தில் ஒரே கப்பலின் அடித்தளத்தில் இரண்டு குடும்பமும் கிடந்ததும், அப்போது சின்னப் பெண்ணாக இருந்த எல்லிக்கு ஹில்மாரின் மனைவி தன் கம்பளிப் பாவாடையைக் கிழித்துச் சுற்றிக் கொடுத்ததும் பேச்சில் வந்தது. தபால் படகு ஊதியது. ரக்னா எழுந்து கதவுப்பிடியில் கை வைத்தாள். கணவன் சொன்னதை வெளியே சொல்வது சரிதானா என்று அந்த நிமிஷம்கூட அவளுக்குத் தெரியவில்லை.

"ஹில்மார், ஓலுஃப்புக்கு இந்தப் பக்கக் கடல் ஒண்ணும் தெரியாது."

ஹில்மார் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு விறகை எடுத்துப் போட்டான்.

"கடல் பெருசு," என்றான்.

அவ்வளவுதான். வரும்போது படகில் ரக்னா தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள். ஒன்பது மணி நேரம் தூண்டில் போடாமல் உட்கார்ந்தவனிடம் போய்க் கேட்டோமே, போதாக்குறைக்கு வீட்டு மானத்தையும் இறக்கி வைத்துவிட்டு வந்தோமே என்று.

மழை பிடித்துக்கொண்டது. ஆகஸ்ட் கடைசி வாரம் வந்தது. காகிதம் சர்க்கரை டப்பாவுக்குக் கீழே ஈரம் வாங்கி ஓரம் சுருண்டது. டாக்னியின் புருஷன் அர்விட் சுண்ட்நெஸ்ஸிலிருந்து ஒரு தகரப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு மேட்டு ஓரமாகவே நடந்து போனான். ஓலுஃப் கும்பிடு போடுவதுபோல் தொப்பியைத் தொட்டான். அர்விட்டும் தொட்டான். அன்று ஓலுஃப் சாப்பிடவில்லை.

செப்டம்பர் முதல் திங்களுக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, மழை விட்டது. மதியம் ஒரு மோட்டார் படகு துறைக்கு வந்தது. ரக்னா ஜன்னலில் நின்று பார்த்தாள். ஹில்மார் மேட்டில் ஏறி வந்து, கதவைத் திறந்து, பலகையில் உட்கார்ந்து, தொப்பியை முழங்காலில் மாட்டினான். இருபத்து மூன்று வருஷத்தில் முதல் தடவை.

ஓலுஃப் அசையவில்லை. "காத்து வடக்கு," என்றான்.

"வடமேக்கு," என்றான் ஹில்மார். "இந்த மேட்டுல நல்லா அடிக்குதே."

"அடிக்கும்."

"கீழ கட்டிருக்கலாம்."

"கட்டிருக்கலாம்."

"மோட்டார் ஒண்ணு வாங்கினேன். போன வருஷம். பத்து குதிர சக்தி."

"சத்தம் கேட்டுச்சு. எட்டுன்னு நெனச்சேன்."

"பத்துக்குத்தான் வாங்கினேன். எட்டுதான் இழுக்குது."

ரக்னா சிரித்துவிட்டாள். ஓலுஃப்பின் வாயோரமும் கொஞ்சம் அசைந்தது. அவள் காப்பி போட்டாள், இருந்த நல்ல கோப்பைகளை எடுத்தாள், பாலாடையும் சர்க்கரையும் தடவிய மெல்லிய ரொட்டியைச் சதுரமாக வெட்டி வைத்தாள். ஹில்மார் இரண்டு தடவை மறுத்தான். பிறகு ஆறு துண்டு தின்றான். பால் விலை, புது மீன் ஆலையின் நாற்றம், தேவாலயத்தில் பிரசங்கத்தின்போது குறட்டை விடுகிறவர்கள் என்று ஒரு மணி நேரம் போயிற்று. மூடுபனி நாளைப் பற்றி இருவரும் பேசவில்லை.

பிறகு ஹில்மார் எழுந்தான். தொப்பியைப் போட்டான். கதவுப்பிடியில் கை வைத்தான். ரக்னா பாத்திரம் கழுவுகிற தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பார்க்கத் தைரியம் வரவில்லை.

"பழைய தேவாலயத்தக் கொளுத்தினாங்கல்ல," என்றான் ஹில்மார். "அப்ப என் அடையாளமும் சேந்து எரிஞ்சுபோச்சு. புதுசா கண்டுபிடிக்க மூணு வருஷம் ஆச்சு."

கதவைப் பார்த்தபடியே ஹில்மார் மேலும் சொன்னான்.

"புதுத் தேவாலயக் கோபுரம் மீன் ஆலைப் பொகபோக்கிக்குப் பின்னால மறையணும். சரியா மறையணும், சிலுவை மட்டும் தெரியணும். வடக்கப் பாத்தா நீர்க்காக்கைப் பாறை முனையிலேந்து பிரிஞ்சு தனியாத் தெரியணும், நடுவுல ஒரு தோணி போற அளவு எடம் விட்டு. நாப்பது பாகம் ஆழம். அடியில கல்லு, தூண்டிலப் பாத்து இழு."

கதவு திறந்தது, சாத்திக்கொண்டது. அடுப்பங்கரையில் கெண்டி முனகுகிற சத்தம் மட்டும் இருந்தது. ரக்னா கையில் இருந்த கோப்பையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், அது எப்போதோ காய்ந்துவிட்டது. முதுகுக்குப் பின்னால் நாற்காலி நகர்ந்தது. ஓலுஃப் எழுந்தான். தொப்பி போடவில்லை, கோட்டுப் போடவில்லை. கதவைத் திறந்துபோட்டபடியே இறங்கி ஓடினான். அந்த மனிதன் ஓடி ரக்னா பார்த்ததில்லை. வீடு எரிந்தபோதுகூட நடந்துதான் போனான்.

அவள் ஜன்னலுக்கு வந்தாள். துறையில் ஹில்மார் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். ஓலுஃப் அவன் பக்கத்தில் போய் நின்றான். இரண்டு பேரும் கடலைப் பார்த்து நின்றார்கள். காற்று சத்தத்தை வேறு பக்கம் கொண்டுபோயிற்று, ஒன்றும் கேட்கவில்லை. ஓலுஃப் கையை நீட்டினான். முதலில் தெற்கே, சின்னத் தீவுகள் இரண்டு இருக்கிற பக்கம். கை அங்கேயே நின்றது. ஹில்மார் தலையசைத்தான். பிறகு ஓலுஃப் திரும்பினான். கையை உயரத் தூக்கி மேட்டுக்குப் பின்னால் மலையில் இருக்கிற பிளவைக் காட்டினான். அங்கிருந்து கையை மெல்லக் கீழே இறக்கி, நேராக அவளைக் காட்டினான்.

தன்னைத்தான் காட்டுகிறான் என்று ரக்னா முதலில் நினைத்தாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, எதற்குக் கூப்பிடுகிறான் என்று விழித்தாள். ஹில்மாரும் அவளையே பார்த்தான். அவள் முகத்தை இல்லை. அவளுக்கு இரண்டு பக்கமும், மேலும் கீழும் பார்த்தான். பிறகு தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான். அவ்வளவு பெரிய ஆள் குனிந்து குனிந்து சிரிப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தபோதுதான் அவளுக்கு விளங்கியது. அவளை இல்லை. சுவரை. வெள்ளைச் சுவரை.

மலைப் பிளவுக்கு நேர் கீழே இந்த வெள்ளை வந்து நிற்கவேண்டும். அதற்காகத்தான் மேடு. அதற்காகத்தான் அப்பா வீடு நின்ற அதே இடம். பதினாலு வருஷம் காற்று, பதினாலு வருஷம் மேட்டுக்குச் சுமந்த தண்ணீர், வருஷா வருஷம் ஒரு வாளி வெள்ளைப் பெயின்ட். அவள் கேலி செய்த அந்தச் சுவரும், அதற்கு முன் அங்கே நின்ற அப்பா வீட்டுச் சுவரும்தான், முப்பது வருஷமாக அவள் வேகவைத்த ஒவ்வொரு மீனுக்கும் வழிகாட்டி.

ரக்னாவுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஆனால் அவற்றுக்கு அடியில் இன்னொன்றும் புரிந்தது, அது புரிந்ததும் இரண்டும் அடங்கிவிட்டன. சொந்த அடையாளத்தை இன்னொருவனுக்குக் கொடுத்துவிட்டவனுக்கு இந்தக் கடலில் இனி வேலை இல்லை.

அவள் அலமாரியைத் திறந்து மைப்புட்டியையும் பேனாவையும் எடுத்தாள். சர்க்கரை டப்பாவை நகர்த்தினாள். காகிதத்தின் சுருண்ட ஓரத்தை உள்ளங்கையால் தேய்த்து நேராக்கி, அவன் நாற்காலிக்கு முன்னால் வைத்தாள்.

ஓலுஃப் வந்தான். மூச்சு வாங்கியது. மேஜையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"எஞ்சினியர் பள்ளத்துல முளையடிச்சுக் காட்டினாரே," என்றாள் ரக்னா.

"ம்."

"கிணத்துக்குப் பக்கத்துல."

"ம்."

"இந்தக் காத்துல எத்தன துணி கடலுக்குப் போயிருக்கு தெரியுமா ஒனக்கு?"

"ஏழு போர்வை," என்றான் ஓலுஃப். "ஒரு மேஜைத்துணி. உங்கம்மா பின்னிக் கொடுத்தது."

அவள் எண்ணியதில்லை. அவன் எண்ணி வைத்திருக்கிறான். அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இனிமே வெள்ள யாரு பூசறது?" என்றாள்.

"ஹில்மார் பூசட்டும். மீன் அவனுக்குத்தான."

அவள் தட்டை ரொட்டியையும் தயிரையும் கொண்டுவந்து வைத்தாள். பேனா கிறீச்சிடுகிற சத்தம் கேட்டது. அவன் பேர் நீளமில்லை, ஆனால் வெகுநேரம் எழுதினான். எழுதியதை ஊதிக் காயவைத்தான். பிறகு ரொட்டியை நொறுக்கித் தயிரில் போடுகிற சத்தம்.

"எல்லிக்கு எழுதிப் போடு," என்றான். "வர்றோம்னு. பையன் அழுதா அழட்டும், பழகிடுவான்."

ரக்னா பழக்கத்தில் கதவைத் திரும்பிப் பார்த்தாள். கதவருகில் யாரும் இல்லை. அவன் தன் நாற்காலியில் உட்கார்ந்து, கையில் கரண்டியோடு, அவளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான்.